“விலை குறைந்துவிட்டது” என்று சொல்லாதீர்கள்: விலைவாசியை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும்,

விலைவாசியை அளப்பவர்கள், அளந்த எண்ணை வைத்து முடிவெடுப்பவர்கள், அந்த எண்ணை மேடையில் வாசிப்பவர்கள் ஆகிய மூவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டு மளிகைக் கணக்கை நோட்டில் எழுதி வருகிறேன். பொருள், எடை, விலை, தேதி என்று நான்கு கட்டங்கள். கடைசிப் பக்கத்தில் மாதக் கூட்டுத்தொகை. உங்கள் அறிக்கைகளைப் புரிந்துகொள்ள முயன்றதுகூட இந்த நோட்டும் அந்த அறிக்கையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற குழப்பத்தால்தான்.

சென்ற ஆண்டு ஒரு குறைகேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பணவீக்கம் ஆறு மாதமாக இறங்கி வருகிறது, விலை குறைந்திருக்கிறது, திட்டமிட்டுச் செலவு செய்தால் சமாளித்துவிடலாம் என்றார். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். “எந்தக் கடையில் குறைந்திருக்கிறது ஐயா? சொன்னீர்களானால் அங்கேயே போய் வாங்கிக்கொள்கிறேன்” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. தனக்குத் தெரியாத ஒரு கடை எங்கோ இருக்கிறது என்றே நம்பிக் கேட்டார். அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று வீட்டுக்கு வந்து நானே தேடிப் பிடித்தேன். எந்தக் கடையிலும் குறையவில்லை என்பதுதான் பதில். 100-க்கு விற்ற பொருள் ஓராண்டில் 10 சதவீதம் ஏறினால் 110. அடுத்த ஆண்டு 5 சதவீதம் ஏறினால் 115.50. விலை ஏறும் வேகத்தைச் சொல்லும் பணவீக்கம் பத்திலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டது. உங்கள் கணக்கில் இது பாதியாகக் குறைந்ததாகும். வாங்குகிறவளின் கையிலிருந்து போவதோ பழைய நூறுக்கு மேல் பதினைந்தரை. ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. விலை போன இடத்திலிருந்து இறங்கவே இல்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல, உங்களில் கடைநிலை எழுத்தர்கூட இதை அறிவார். தெரிந்தும் ‘விலை குறைந்துவிட்டது’ என்ற சொல்லை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அந்தச் சொல் செய்யும் கெடுதலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். செய்தியில் அதைக் கேட்டவுடன் வீட்டில் ஒருவர் மற்றவரைப் பார்க்கிறார். “விலைதான் குறைந்துவிட்டதாமே, பிறகும் ஏன் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது?” கேட்பவர் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்பதில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறவளுக்கு அது குற்றச்சாட்டாகவே விழுகிறது. எங்கே தப்பு செய்தேன், எதை வீணாக்கினேன் என்று அவள் தன்னையே சோதித்துப் பார்க்கிறாள். ஒரு மாதம் முழுக்க நானும் என் நோட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், கூட்டல் பிழையோ என்று. பிழை இல்லை.

உங்கள் சராசரி எண்ணைப் பற்றி அடுத்துச் சொல்ல வேண்டும். 1857-ஆம் ஆண்டிலேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைப் பார்த்து ஓர் உண்மையை எழுதி வைத்தார்: குடும்பம் எவ்வளவு ஏழையோ, அதன் செலவில் உணவுக்குப் போகும் பங்கு அவ்வளவு பெரியது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை யாரும் பொய்யாக்கவில்லை. இப்போது, குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலையை ஒரே எண்ணாகச் சேர்த்துக் காட்டும் உங்கள் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் தரப்படும் எடை, அதாவது மொத்தக் கணக்கில் அதற்குரிய பங்கு, எல்லாக் குடும்பங்களும் செலவழித்த மொத்தத் தொகையிலிருந்து வருகிறது. அதிகம் செலவழிக்கும் குடும்பத்தின் பழக்கம் அந்த எடையில் அதிகம் ஏறிவிடுகிறது. ஒரு பெரிய வீட்டுக்காரரின் விமான டிக்கெட்டும் தொலைக்காட்சிப் பெட்டியும் பல சிறு குடும்பங்களின் சமையலறையை அந்தக் கணக்கில் பின்னுக்குத் தள்ளிவிடும். மின்னணுப் பொருள் மலிந்து உணவு ஏறினால் சராசரி அமைதியாக இருக்கும். செலவில் பாதியை உணவுக்கே கொடுக்கிற வீட்டில் அந்த அமைதி கிடையாது. போதாக்குறைக்கு, எந்தக் குடும்பம் எதற்குச் செலவழிக்கிறது என்று கேட்டறியும் ஆய்வு சில நாடுகளில் பத்தாண்டுக்கு மேல் பழையது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் பாட்டி சொல்வார். உங்கள் ஏடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஏட்டில் எழுதியதை எங்கள் அடுப்பில் இருப்பதாக அறிவிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

‘உணவையும் எரிபொருளையும் நீக்கிப் பார்த்தால் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்றும் அறிக்கையில் வருகிறது. முதலில் படித்தபோது கோபத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். உணவை நீக்கிவிட்டு எந்தக் குடும்பம் வாழ்கிறது? பிறகு காரணம் தெரிந்துகொண்டேன். மழை பொய்த்தாலும் போர் மூண்டாலும் உணவு விலை துள்ளும். வட்டி விகிதத்தை மாற்றி விளைச்சலைக் கூட்ட முடியாது. ஆகவே மத்திய வங்கி அந்தத் துள்ளலை ஒதுக்கிவிட்டு அடியோட்டத்தைப் பார்க்கிறது. வங்கியின் அறைக்குள் அது நியாயமான கருவிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கருவியை அறைக்கு வெளியே எடுத்து வந்து, மக்களுக்கு ஆறுதலாக நீட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உலகச் சந்தையில் விலை இறங்கிவிட்டது என்ற விளக்கமும் அடிக்கடி வருகிறது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு ஒவ்வொரு மாதமும் தானியம், தாவர எண்ணெய், பால் பொருள்கள், இறைச்சி, சர்க்கரை ஆகியவற்றின் உலக விலையைச் சேர்த்து ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. 2014–16 சராசரியை 100 என்று கொண்டால், உக்ரைன் போர் தொடங்கிய மறுமாதமான 2022 மார்ச்சில் அது 160-ஐ ஒட்டி வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. ஓராண்டில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியும் விட்டது. ஆனால் கப்பலில் இறங்கிய விலை கடைப் பலகையில் இறங்கவில்லை. நடுவில் போக்குவரத்து, கூலி, வாடகை, நாணய மதிப்பு என்று பல கைகள் இருக்கின்றன. அவற்றுள் சில, ஏறியதை மட்டும் உடனே நம்மிடம் தள்ளிவிட்டு, இறங்கியதைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பொருளாதாரம் படித்தவர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கத் தெரிந்தவர்கள், எந்தக் கையில் அது தங்கியது என்றும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் நோட்டில் நானே கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். விலை ஏற ஏற நாங்கள் ஒரு படி இறங்கி மலிவான சரக்குக்கு மாறினோம். அங்கே போய்ப் பார்த்தால் அதுதான் வேகமாக ஏறியிருந்தது. எங்களைப் போலவே எல்லாரும் அதற்கு மாறியிருப்பார்கள் அல்லவா? இது என் வீட்டுக் கதை என்றே நினைத்திருந்தேன். ஆல்பர்ட்டோ கவாலோ, ஒலெக்சி கிரிவ்ட்சோவ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2020-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பத்து நாடுகளின் உணவு விலைகளைப் பார்த்து இதையே கண்டிருக்கிறார்கள்: ஒரே வகைப் பொருளில் விலை உயர்ந்த பிராண்டுகளைவிட மலிவான பிராண்டுகள் அதிக வேகத்தில் ஏறியிருக்கின்றன. ஏற்கனவே மலிவானதை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இறங்க மேலும் படி இல்லை. ‘விலை குறைந்த மாற்றுப் பொருளுக்கு மாறுங்கள்’ என்று அறிவுரை சொல்லும்போது, கடைசிப் படியில் நிற்பவர்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

பொட்டலம் சிறுத்துப்போவது பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. பிரான்சில் 2024 ஜூலை முதல், அளவு குறைந்தும் விலை குறையாத பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அறிவிப்பு வைத்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மனம் இருந்தால் செய்யக்கூடிய காரியம் அது.

எந்த விலைப் பட்டியலிலும் வராத ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் செலவு வரவை மிஞ்சியபோது முதலில் குறைந்தது குழந்தைகளின் தட்டு அல்ல, என் தட்டு. யாரும் என்னைச் சொல்லிச் செய்ய வைக்கவில்லை. ‘எனக்குப் பசியில்லை’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஒருநாள் என் மகள், “உனக்கு ஏன் மாதக் கடைசியில் மட்டும் பசிப்பதில்லை?” என்று கேட்டாள். அதன் பிறகு அவள் எதிரில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த வீடு உங்கள் கணக்கில் எப்படித் தெரியும்? கடன் வாங்கவில்லை, பட்டினி என்று யாரும் புகார் செய்யவில்லை, செலவும் கூடவில்லை. ஆகவே சமாளித்துக்கொண்ட குடும்பம்.

அதைக் கேட்டறிய வழி இல்லாமலும் இல்லை. நான் மேலே சொன்ன அதே ஐ.நா. அமைப்பிடம் எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. பணமோ வசதியோ இல்லாததால் கடந்த பன்னிரண்டு மாதங்களில் சாப்பிடப் போதுமான உணவு இருக்காதோ என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. சத்தான உணவை உண்ண முடியாமல் போனதா, ஒரு வேளையை விட்டீர்களா, தேவையைவிடக் குறைத்து உண்டீர்களா என்று அது படிப்படியாகப் போகிறது. ஒரு நாள் முழுக்க உண்ணாமல் இருந்தீர்களா என்பது கடைசிக் கேள்வி. பசியைக் கேட்பதற்கு முன்னால் கவலையைக் கேட்க வேண்டும் என்று அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு ஆண்டுக் கணக்கில் ஓர் அதிகாரிகூட என்னிடம் கேட்காத கேள்வி அது.

2025 மே மாதம், அரிசி விலை ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்த ஜப்பானில், வேளாண் அமைச்சர் டாகு எத்தோ, தான் அரிசியை விலை கொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே நிறையத் தந்துவிடுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். சில நாள்களில் பதவி விலக வேண்டியதாயிற்று. அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. அதைத்தான் மக்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. உங்களில் பலர் வீட்டுக்கும் சரக்கு வேறு யாரோ வாங்கி வருகிறார்கள். சம்பளமும் ஓய்வூதியமும் பல நாடுகளில் இதே குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டு, விலை ஏறும்போது தானும் ஏறுகின்றன. உலகில் வேலை செய்பவர்களுள் பத்தில் ஆறு பேர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாராத் தொழில்களில் இருப்பதாக உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. அவர்கள் கூலியை எந்த எண்ணும் தூக்கிவிடுவதில்லை. முதலாளியிடம் கேட்க வேண்டும், கேட்டால் வேலை போகுமோ என்று அஞ்ச வேண்டும்.

செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். பிரிட்டனில் 2022-இன் தொடக்கத்தில், மிக மலிவான பொருள்களின் விலையேற்றத்தை அரசின் கணக்கு காட்டவில்லை என்று உணவு பற்றி எழுதும் ஜாக் மன்ரோ பொதுவெளியில் முறையிட்டார். அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதை அலட்சியம் செய்யவில்லை. முப்பது அன்றாட உணவுப் பொருள்களின் ஆகக் குறைந்த விலையைத் தேடி அளந்து அந்த ஆண்டு மே மாதமே வெளியிட்டது. சராசரி ஏற்றம் பொதுக் கணக்கை ஒட்டியே வந்தது. ஆனால் உள்ளே சில பொருள்கள் இறங்கியிருந்தன, ஒன்று 50 சதவீதம் ஏறியிருந்தது. முடிவு யார் பக்கம் சாய்ந்தது என்பது எனக்குப் பெரிதல்ல. ஒரு சாதாரணக் குரலைக் கேட்டு ஒரு பெரிய அலுவலகம் கடைக்குப் போயிற்று. அதை நீங்களும் செய்யுங்கள். வருமான அடுக்கு வாரியாகக் குறியீட்டெண்ணை வெளியிடுங்கள். அந்த எட்டுக் கேள்விகளை ஆண்டுதோறும் கேட்டு விடைகளை மறைக்காமல் அச்சிடுங்கள். மாத அறிக்கையின் முதல் வரியில், ஓராண்டுக்கு முன் என்பதோடு நிறுத்தாமல், ஐந்து ஆண்டுகளுக்கு முன் நூறுக்கு வாங்கிய உணவு இன்று எவ்வளவு என்று எழுதுங்கள். கூட்டத்தில் பேசப் போகிறவர், பேசுவதற்கு முந்தைய மாதம் தன் வீட்டுச் சரக்கைத் தானே போய் வாங்கட்டும். பட்டியலும் தானே எழுதட்டும், கையிருப்பு எங்களுடையது போல இருக்கட்டும்.

அடுத்த கூட்டம் எப்போது என்று அறிவியுங்கள். நான் நோட்டுகளோடு வருகிறேன். முன் வரிசையில் எழுந்து கேட்ட அந்த அம்மாவையும் தேடி அழைத்து வருகிறேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மளிகைக் கணக்கு எழுதி வரும் ஒரு குடும்பத் தலைவி