மரபணு இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு நோய்க்குக் காரணமான மரபணு பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். மரபணு இருந்தாலே நோய் வந்துவிடும் என்ற எண்ணத்தை அது தருகிறது. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதைச் செல்லுக்கு வரும் சமிக்ஞைகளும், டிஎன்ஏயில் ஒட்டிக்கொண்டு மரபணுவை இயக்கவோ அடக்கவோ செய்யும் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. கிருமியோ காயமோ தாக்கும்போது உடல் காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினையான அழற்சியையே எடுத்துக்கொள்வோம். என்எஃப்-கப்பா பி என்ற காரணி சாதாரண நேரத்தில் உட்கருவுக்கு வெளியே இன்னொரு புரதத்தின் பிடியில் கிடக்கிறது. கிருமித் தாக்குதலின் சமிக்ஞை செல்சவ்வில் உள்ள ஏற்பியை எட்டியதும், நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, அந்தத் தடுப்புப் புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன, அது சிதைகிறது. விடுபட்ட காரணி உட்கருவுக்குள் போய், டிஎன்ஏயில் தனக்குரிய இடத்தைப் பற்றிக்கொண்டு அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. அப்புறம், அதே காரணி அந்தத் தடுப்புப் புரதத்துக்கான மரபணுவையும் இயக்கித் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. எத்தனை நுட்பமான ஏற்பாடு! இது அடங்காமல் போனால் நாள்பட்ட அழற்சிக்கு வழியாகும்.

ஈரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான் என்றால் என் வகுப்பு மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. 2006-இல் ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாகா குழுவினர் நான்கே படியெடுத்தல் காரணிகளைக் கொண்டு சுண்டெலியின் இணைப்புத்திசுச் செல்களைக் பலவகைச் செல்களாக வளரக்கூடிய குருத்துச் செல்களாக மாற்றியதைச் சொன்ன பிறகே அவர்களுக்கு விளங்குகிறது. இனி மரபணுச் செய்திகளோடு, அந்த மரபணுவை எந்தச் சமிக்ஞை, எந்தச் செல்லில் இயக்குகிறது என்று காட்டும் சிறு விளக்கப்படத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– உயிரியல் ஆசிரியர் ஒருவர்