லோடு என்று கேட்காதே

கோவில்பட்டி
வைகாசி 10

ஏட்டி வாயாடி,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. ஆறு மாதம் பதில் போடாததற்கு நீ திட்டியது அத்தனையும் நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். இங்கே பிள்ளைகள் எல்லோரும் சுகம். பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். சாத்தூர் வெள்ளரிக்காய் விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, பயப்படாதே.

"முன்வாசலுக்கு ஒரு லோடு ஜல்லி சொல்லியாச்சு, ஆடிக்குள் இறங்கிவிடும்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த கையோடு பேனாவை எடுத்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான், நீ என்னைப் பேச விடமாட்டாய். சொன்னதை முதலில் நிறுத்திவை. லோடு என்பது ஓர் அளவே இல்லைடி. டிராக்டர் டிரெய்லரில் வந்தாலும் லோடு, பெரிய டிப்பரில் வந்தாலும் லோடு. நமக்குப் பேச்சு யூனிட்டில் இருக்க வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி. அதை மட்டும் பிடித்துக்கொள்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்பாய். கார்த்திகை மழையில் அம்மா வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்தது. 84 வயது. சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன். "கையிருந்தும் கையில்லாதவளாப் போனேன்" என்று ஒருநாள் சொன்னாள். அந்த மாதங்களில் யாருக்கும் எழுத எனக்கு மனம் வரவில்லை. உனக்குக்கூட.

இத்தனைக்கும் அந்த வாசலுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஜல்லி போட்டிருந்தேன். இது கரிசல். மழையில் உப்பும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெறும் மண்ணின் மேல் கொட்டிய ஜல்லியை இரண்டு மழைக்காலம் விழுங்கிவிட்டது. பங்குனியில் கடப்பாரை போட்டபோது அரை முழத்துக்குக் கீழே ஒவ்வொரு கல்லாக வந்தது. கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் களி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்டி. கல் குறைந்து போனதால் அம்மா விழவில்லை, கல்லுக்கு அடியில் ஒன்றும் போடாததால் விழுந்தாள்.

உன் திருவாரூர் மண்ணும் களிதான், அதனால் கேள். அரை அடி தோண்டி, செம்மண் கிராவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கச் சொல். தெருப் பக்கம் கொஞ்சம் சரிவு இருக்கட்டும். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் என்று ஒரு கனத்த துணி விற்கிறார்கள், அதை விரித்தால் கல் கீழே இறங்காது, தண்ணீர் மட்டும் இறங்கும். மலிவாக இருக்கிறதே என்று பிளாஸ்டிக் தாளை விரித்துவிடாதே, தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கிவிடும். ஓரத்தில் செங்கல்லை நெட்டுக்குத்தாக நட்டால்தான் ஜல்லி சிதறாமல் நிற்கும்.

இப்போது கணக்கு. என் வாசல் ஒரு முழுச் சதுரமாக இல்லை, உன்னுடையதும் இருக்காது. இரண்டு செவ்வகமாகப் பிரித்தேன். முன்னால் 32 அடிக்கு 14 அடி, 448 சதுர அடி. பக்கவாட்டில் 12க்கு 9, அது 108. மொத்தம் 556. அதில் வேப்பமரத் திட்டு 16 சதுர அடியைக் கழித்தால் 540. ஜல்லி 3 அங்குலம், அதாவது கால் அடி. 540-ஐ நாலால் வகுத்தால் 135 கன அடி. மிதிபட்டு இறங்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 148 சொச்சம். ஒன்றரை யூனிட். அகலத்தை அடியிலும் கனத்தை அங்குலத்திலும் வைத்து அப்படியே பெருக்கிவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒன்றரை யூனிட் என்று தெளிவாகச் சொல்லித்தான் வண்டி வந்தது. தெருவிலிருந்து பார்த்தால் நடுவில் கோபுரமாக எழும்பி நிற்கிறது. நான் டேப்பை எடுத்தேன். தொட்டி உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம். விளிம்பு மட்டத்துக்கு இருந்தால் சரியாக 150. எதிர்வீட்டுப் பையனை மேலே ஏற்றி, மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டமாகப் பிரித்து, குறுக்கே ஒரு கம்பை வைத்து அளக்கச் சொன்னேன். மூலைக் கட்டங்கள் நாலும் விளிம்பிலிருந்து 10 அங்குலம் பள்ளம். பக்கக் கட்டங்கள் நாலும் 5 அங்குலம் பள்ளம். நடுக்கட்டம் மட்டும் 6 அங்குலம் மேடு. கூட்டிக் கழித்து வகுத்தால் சராசரி 6 அங்குலம் பள்ளம். இரண்டடி உயரம்தான் கல். 120 கன அடி.

"வழியில குலுங்கி இறங்கிருச்சுக்கா" என்றார் டிரைவர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, குலுங்கினால் ஜல்லி இறங்கத்தான் செய்யும். ஆனால் குலுங்கினால் எடை குறையாதே. எடை மேடைச் சீட்டைக் கேட்டேன். வெறும் வண்டியைக் கழித்தால் 5 டன் 100 கிலோ. முக்கால் ஜல்லி, அதாவது முக்கால் அங்குலக் கல், ஒரு யூனிட் நாலு டன்னுக்குக் குறையாது, ஒன்றரைக்கு ஆறாவது வர வேண்டும். வியாபாரி போனில் முதலில் சத்தம் போட்டார், அப்புறம் இறங்கி வந்தார். ஒன்றே கால் யூனிட்டுக்குத்தான் பணம் கொடுத்தேன். பக்கவாட்டு ஓரம் மட்டும் 3 அங்குலம் வராமல் நிற்கிறது. நீ அங்கே இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உங்கள் பக்கம் கல்லே கிடையாது, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வர வேண்டும். குறைந்தால் இன்னொரு நடைக்கு வாடகை அழ வேண்டும். கூடினால் தெருவில் குவித்துவைத்துப் பேச்சு வாங்க வேண்டும்.

அப்புறம், நீ படத்தில் பார்த்து ஆசைப்படும் வெள்ளைக் கூழாங்கல் கார் நிற்கும் இடத்துக்கு வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, சக்கரத்துக்கு அடியில் உருளும். உடைத்த ஜல்லிக்கு முனை இருக்கிறது, அதனால் கவ்வி நிற்கும். அதிலும் முக்கால் ஜல்லி வாங்கு. சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி வாங்கினால் செருப்புக்குள் ஏறும், தெருப்பூனைகள் எல்லாம் உன் வாசலுக்குத்தான் வரும். கூழாங்கல்லைத் துளசி மாடத்தைச் சுற்றிப் போட்டுக்கொள், அழகாக இருக்கும். முருங்கை மரத்தடியில் எந்தக் கல்லையும் போடாதே, அந்த இலையைப் பெருக்கி எடுக்க ஒருவராலும் ஆகாது.

அம்மாவின் ஊன்றுகோல் ஜல்லியில் புதையும் என்பது கொட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசற்படியிலிருந்து கேட் வரை மூன்றடி அகலத்துக்கு ஜல்லியை வாரிவிட்டு, கொத்திய கருங்கல் பலகை பதித்தேன். வாரியது அந்தக் குறைந்த ஓரத்துக்குப் போயிற்று. உன் மாமியாரை நினைத்துக்கொள், பாதைக்குக் கல் பலகையை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடு. அந்த இடத்தையும் கணக்கில் கழி.

நேற்றுச் சாயங்காலம் அம்மா அதில் தனியாக நடந்து கேட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். கண் மங்கிவிட்டது, ஆனால் ஜல்லியில் யார் கால் வைத்தாலும் உள்ளே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறாள். பால்காரருக்கு ஒரு சரக் சரக், பேத்திக்கு வேறு சரக் சரக்.

உன் வாசலை அளந்து படம் போட்டு அனுப்பு. மரம், மாடம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் நீள அகலம் வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பேரனிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல், தொய்ந்தால் அளவு கூடிவிடும். அதுவரை அந்த லோடு வரவேண்டாம்.

உன்,
கணக்கு டீச்சர்