நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கோயிலின் தெற்கு மதிலை ஒட்டிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நந்தவன நிலத்தை மீட்கும் திருப்பணி, இவ்வாண்டு ஐப்பசி மழையோடு நிறைவடைந்தது. முட்புதரை வேரோடு அகற்றி, மண் அரித்துப் போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுத்து, இக்கரையோரத்துக்கே உரிய வீரை, காசான், உலக்கைப்பாலை, மகிழம், புங்கம், உசிலை ஆகியவற்றை நட்டிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும்.

முதலாண்டில் நேர்ந்த தவறு ஒன்றை உறுப்பினர்கள் அறிய வேண்டும். ஈரம் காக்கும் என்று நம்பி, மக்காத தென்னை நார்க்கழிவைக் குழிமண்ணோடு கலந்துவிட்டோம். சில வாரங்களில் கன்றுகளின் அடியிலைகள் வெளிறி மஞ்சளாயின. நல்ல மேல்மண்ணில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சுமார் 10 முதல் 12 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். மக்காத நார்க்கழிவிலோ அது 100 பங்கைத் தாண்டும். அத்தனை கரிமத்தையும் செரிக்க முனைந்த நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொண்டதால் கன்றுகள் பட்டினி கிடந்தன.

கழிவை அள்ளிவிட்டுத் தொழுவுரம் இட்டு, இடையில் பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து, பூவெடுத்ததும் மண்ணில் மடக்கினோம். அப்போது ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தோம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை ரைசோபியம் பாக்டீரியா தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருப்பதற்கு அந்நிறமே அடையாளம். சீமைக்கருவேலமும் இவ்வேலையைச் செய்யும் மரமாயிற்றே, அதை அகற்றலாமா என்று சில உறுப்பினர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதே வேலையைச் செய்யும் புங்கத்தையும் உசிலையையும் சேர்த்து நட்டதற்கு அதுவே காரணம்.

மரம் உயர்வது கண்ணுக்குத் தெரியும்; மண்ணில் கரிமம் சேர்வது தெரியாது. உதிரும் இலையும் மடியும் நுண்வேரும் மக்கி, அதில் ஒரு சிறு பகுதி களிமண் துகளோடு ஒட்டித் தங்குவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்தினால் கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையாகவே போய்விடும். உழவாரப்பணிக்கு வரும் அன்பர்களின் பக்தியை நாங்கள் போற்றுகிறோம். ஆயினும் இனி நடைபாதையை மட்டும் பெருக்கி, சருகை மண்ணோடு கிளறாமல் மரத்தடியில் பரப்பிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை சித்திரையில், குறியிட்ட அதே இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும், முடிவை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கவும் குழு தீர்மானித்துள்ளது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்