மாண்புமிகு துணைநிலை ஆளுநருக்கு: பேரவைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்

மாண்புமிகு புதுச்சேரி துணைநிலை ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெரு வாய்க்காலைச் சரிசெய்து தரச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அதற்கு மனு கொடுத்தாயிற்று, ரசீதும் கையில் இருக்கிறது. அந்த மனுவுக்குக் கிடைத்த பதில்தான் என்னைத் தங்களுக்கு எழுத வைத்தது.

"யாரோட வேலைன்னு தெரிஞ்சுதானே சார் கேக்கறீங்க?" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, காண்ட்ராக்டர் எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன உறவு என்றும் சொன்னார். தொகுதியே அறிந்த ரகசியம்தான் அது.

மழைக்கு முன் தோண்டிய பள்ளம் அப்படியே கிடக்கிறது. கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்க, குறுக்கே ஒரு சென்ட்ரிங் பலகை. எதிர்வீட்டு ஆயாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மகனும் பின்னால் பக்கத்து வீட்டுப் பையனுமாகப் பிடித்துக்கொண்டு பலகையைக் கடக்கிறார்கள். பலகை வளையும்போது ஆயா கண்ணை இறுக மூடிக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்பார். திரும்பி வரும்போது அதைச் சொல்லவும் தெம்பிருக்காது.

அரசோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சரி, மைத்துனர் வைத்திருந்தால்? வேட்புமனுவோடு சொத்துக் கணக்கைச் சொல்லும் ஒரு பிரமாணப் பத்திரம் தருகிறார்கள். அதற்குப் பிறகு என்ன சேர்ந்தது, யார் பெயரில் சேர்ந்தது என்று அடுத்த தேர்தல்வரை பேச்சில்லை. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நடத்தையைக் கவனிக்க 1997 முதல் நெறிமுறைக் குழு இருக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் தொழில், நிறுவனப் பங்கு, சம்பளத்துக்குச் செய்யும் ஆலோசனை வேலை எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். நம் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30, நியமன உறுப்பினர்கள் 3. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும் கணக்கு. அப்படியொரு பதிவேடு இருந்தால் மக்களுக்குத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடங்கச் சொல்லுங்கள். நெருங்கிய உறவினரின் அரசு ஒப்பந்தங்களும் அதில் ஏற வேண்டும்.

"எனக்கு அதிகாரமில்லை, அமைச்சரவை சொல்வதைத்தான் கேட்க வேண்டும்" என்று தாங்கள் சொல்லக்கூடும். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தங்கள் மேசையில்தானே இருக்கிறது? தாங்கள் பேரவைக்குச் செய்தி அனுப்பலாம். அனுப்பினால், அதைக் கூடிய விரைவில் பேரவை பரிசீலித்தாக வேண்டும். அந்த ஒரு செய்தியைத்தான் கேட்கிறேன்.

தவிர, இங்கே ஆளுநர் மாளிகைக்கு அதிகாரம் இல்லாமல் போன காலம் எங்களுக்கு நினைவில்லை. 2017-இல் நியமன உறுப்பினர்கள் மூவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தது ஆளுநர்தான். ஒப்புதல் கிடைக்காத இலவச அரிசி உள்ளிட்ட கோப்புகளுக்காக 2019-இல் ஒரு முதலமைச்சரே அந்த வாசலில் தர்ணா உட்கார்ந்தார். அரிசிக்கு இருந்த அதிகாரம் நேர்மைக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமா?

2021-ஐயும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர்கள் வரிசையாக ராஜினாமா செய்தார்கள், பிப்ரவரி 22-ஆம் தேதி காங்கிரஸ் ஆட்சி போனது. போனவர்களில் சிலர் ஏப்ரல் தேர்தலிலேயே வேறு சின்னத்தோடு வந்து கும்பிட்டார்கள். ஓட்டுப் போட்டவனிடம் ஏன் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற விதிகூட இல்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 முதல் இருக்கிறது, ராஜினாமா என்ற கதவும் கூடவே திறந்திருக்கிறது. இதையெல்லாம் கேட்கவும் ஒரு நெறிமுறைக் குழு வேண்டாமா? மன்னிக்கவும், நான் கேட்க வந்தது பதிவேடு.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் அந்தச் செய்தியை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று பேரவை சொன்னாலும் குறையில்லை, அது அவைக் குறிப்பில் ஏறட்டும். எழுந்து நின்று மறுத்தவர்கள் யார் யார் என்று படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
புதுச்சேரி வாக்காளர் ஒருவர்