கல்லறைத் திருநாளுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பாராட்டுகள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்குவதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் துக்கம் நடந்திருக்கும். விடுப்புக் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்று இருக்கிறது. பிள்ளையிடமும் ‘ஐயா சிங்கப்பூர் போயிருக்கார்’, ‘அப்பத்தா தூங்குறாங்க’ என்று சொல்லிவிடுகிறீர்கள். பிள்ளை மனசு நோகக்கூடாதே என்ற பாசம்தான், புரிகிறது. ஆனால் ஆறேழு வயதுவரை குழந்தைகள் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்கின அப்பத்தா எழுந்திருக்கவில்லை என்றால், பிள்ளைக்குத் தூங்கவே பயம் வரும். ‘சாமிக்குப் பிடிச்சதால எடுத்துக்கிட்டார்’ என்றால், சாமியிடமே பயம் வரும்.

பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், புனித பவுல் சாவைத் துயில் என்று எழுதியது உண்மைதான். ஆதிக் கிறித்தவர்கள் கல்லறைக்கு வைத்த கிரேக்கப் பெயருக்கே தூங்குமிடம் என்றுதான் பொருள். ஆனால் அதே அதிகாரத்தில், 1 கொரிந்தியர் 15:26இல், சாவை அழிக்கப்படவேண்டிய கடைசிப் பகைவன் என்கிறார் அவர். துயில் என்பது, எழுப்பப்படுவோம் என்ற உறுதியில் வந்த சொல். சாவை மறைக்க வந்ததல்ல. இறந்த இலாசரை எழுப்பப் போகிற இயேசுவே முதலில் அழுதார் (யோவான் 11:35).

அதனால் முதலில், ‘இறந்துட்டாங்க, மூச்சு நின்னுபோச்சு, இனி வலி இல்லை, வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாங்க’ என்று சொல்லுங்கள். அழ விடுங்கள். உயிர்ப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். அடக்கத் திருப்பலியில் பெட்டியருகே எரியும் பாஸ்கா திரியை, அதாவது இயேசுவின் உயிர்ப்பு விழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, பிள்ளைக்குக் காட்டுங்கள்: சிலுவை வடிவில் ஐந்து சாம்பிராணி மணிகள், சிலுவையின் நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். ஞானஸ்நானத்தன்று பிள்ளையின் மெழுகுதிரியை ஏற்றுவதும் பாஸ்கா திரியிலிருந்துதான். பிற சமயக் குடும்பத்தார் உங்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளுங்கள். நன்னெறி வகுப்பில் அதில் தலையிட மாட்டோம்.

சோறு ஊட்டுவதற்காக ‘செத்தவங்க வந்து பிடிச்சுக்குவாங்க’ என்று மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பொய்க் காரணம் எழுதிய விடுப்புக் கடிதத்தை இனி வாங்க மாட்டோம். ‘வீட்டில் துக்கம்’ என்று ஒரு வரி போதும். அந்த வாரம் வீட்டுப்பாடம் கேட்காமல் வகுப்பாசிரியர் பார்த்துக்கொள்வார்.

துக்க வீட்டு அலைச்சலுக்கு நடுவிலும் பிள்ளைக்குத் தலைவாரி, சோறு கட்டி அனுப்புகிறீர்கள். மனமார்ந்த நன்றி. நவம்பர் 2 அன்று கல்லறையில் திரி ஏற்ற அழைத்துப்போகிறவர்கள் 3 மணிக்கே வரலாம், வாசலில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை