பிறந்த அன்றே போட வேண்டிய ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர், "பிறந்து சில மணி நேரமே ஆன பச்சைக் குழந்தைக்கு எதற்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி? பெரியவர்களுக்கு வரும் நோய்தானே, வளர்ந்த பிறகு போட்டால் ஆகாதா?" என்று கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான். அதற்கான பதில் என் வீட்டிலேயே இருக்கிறது.

எனக்கு வயது 52. மகன் 1998-இல் பிறந்தான், மகள் 2003-இல். மகளைச் சுமந்திருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்குள் கல்லீரலைத் தாக்கும் இந்த ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதே தெரிந்தது. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததில்லை, ஒரு நாள் படுத்ததில்லை. முதல் பிரசவத்தின்போது இந்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தரவில்லை. விஷயம் தெரிந்ததும் மகனையும் கூட்டிக்கொண்டு போனோம். துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்த பையன். அவனுக்கும் இருந்தது.

மகள் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் பொருள்) போட்டார்கள். மீதி டோஸ்களையும் நாள் தவறாமல் போட்டோம். ஒரு வயதை நெருங்கும்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி இருந்தது.

வாசகர் கவனிக்க வேண்டியது இதைத்தான். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போது தாயிடமிருந்தோ, முதல் வயதிலோ தொற்றினால் அப்படியே தலைகீழ், பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் தங்கிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராது. வளர்ந்து ஆளானபின் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். ஏற்கெனவே குடியேறிவிட்ட கிருமியை, வளர்ந்தபின் போடும் ஊசி ஒன்றும் செய்யாது.

என் ஆதங்கம் என்னவென்றால், இந்தத் தடுப்பூசி 1981-லேயே வந்துவிட்டது. தைவானில் 1984-இல் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பித்தார்கள். 1984-இல் தைபேயில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 9.8 சதவீதத்தினரிடம் இருந்த கிருமி, பத்தே வருடத்தில் 1.3 சதவீதமாகிவிட்டது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயை ஊசி தடுக்கும் என்று அதற்கு முன் யார் நினைத்திருப்பார்கள்? எல்லா நாடுகளும் இதை வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1992-இல் சொன்னது. ஆறு வருடம் கழித்துப் பிறந்த என் மகனின் தடுப்பூசி அட்டையில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அவன் இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். இரண்டு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். மாத்திரையைவிட அவனை வருத்தியது வேறு. உடன் தங்கியிருந்த நண்பன் விஷயம் தெரிந்ததும் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டானாம். இது ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். சவர பிளேடைப் பகிரக் கூடாது. தட்டிலும் டம்ளரிலும் பரவாது. தண்ணீரில் பரவும் காமாலை வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிச் சொல்லியே இந்தக் குழப்பம்.

மகள் நர்சிங் சேர்ந்தபோது இன்னொரு பயம். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பார்த்ததில், பாதுகாப்புக்குத் தேவையான அளவான பத்துக்கும் கீழே வந்தது. ஊசி வேலை செய்யவில்லையோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை. டாக்டர் பதறவே இல்லை. ஒரு டோஸ் போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அறுநூறைத் தாண்டியிருந்தது. அளவு குறைந்தாலும் உடம்பு கிருமியை மறப்பதில்லையாம். ஆரோக்கியமான மற்ற பிள்ளைகளுக்குப் பொதுவாக மறுபடி ஊசியே தேவைப்படாது, ரத்தத்தோடு புழங்கும் வேலை என்பதால்தான் அவளுக்குப் பார்த்தார்கள்.

இப்போது அவள் பிரசவ வார்டில் இருக்கிறாள். 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி சில இடங்களில் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டேன். மருந்துக் குப்பியில் பத்து டோஸ் இருக்கும், ஒரே குழந்தைக்காக அதைத் திறக்கத் தயங்குவார்கள் என்றாள். உரிய குளிர்ச்சியில் சுத்தமாக வைத்திருந்தால், திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பிரசவ வார்டுகளின் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்லி ஆசிரியர் எழுத வேண்டும். அடுத்த குழந்தை பிறக்கும்வரை முதல் குழந்தையைக் காக்க வைக்கத் தேவையில்லை.

மகன் கேட்டுக்கொண்டதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி