பதில் அனுப்ப முடியாத எண்ணுக்கு ஒரு மடல்

நீரிழிவுக் குறுஞ்செய்தித் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஓர் இரவு அம்மா உங்கள் எண்ணுக்கு "சுகர் 58, கை நடுங்குது" என்று அனுப்பினார். "இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப இயலாது" என்று அடுத்த நொடியே வந்தது. உங்களிடமிருந்து எதுவும் அத்தனை வேகமாக வந்து நான் பார்த்ததில்லை.

சர்க்கரை டப்பா அவர் பக்கத்திலேயே இருந்தது. திறக்கவில்லை. ஏழு மாதமாகத் தினமும் காலையில் நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் "சர்க்கரையைத் தொடாதீர்கள்" என்பதுதானே? இன்சுலின் போட்டுக்கொண்டு அரைகுறையாகச் சாப்பிட்டுப் படுத்ததால் வந்த வினை அது. 70-க்குக் கீழே இறங்கிவிட்டால் சர்க்கரைதான் மருந்து, 15 கிராம் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று ஒரு செய்தி, ஒரே ஒரு செய்தி, வந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. விழுங்க முடிந்ததால் தப்பித்தோம்.

விடிந்ததும் உங்கள் செய்தி வந்தது: "சர்க்கரையைத் தொடாதீர்கள். இனிய நாள்!"

டாக்டரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் எங்களுக்கு இருப்பது இந்த எண் ஒன்றுதான். அதனால் கேட்கிறேன்: நாங்கள் அனுப்பும் பதிலைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். இரவில் ஆள் போட முடியாதென்றால், 70-க்குக் குறைவான எண் வந்ததும் செய்ய வேண்டியது என்ன என்று தானாகவே போகும்படியாவது வையுங்கள்.

இடம் போதாது என்பீர்கள். தெரியும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனிக்கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் "இனிய நாள்" எதற்கு? அனுப்பிய செய்திகளை எண்ணி அறிக்கையில் போட்டுக்கொள்வீர்கள். பழைய போனில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தவற்றையும், வீட்டில் மூன்று பேர் கைமாறும் போனில் அம்மா கண்ணிலேயே படாதவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுவீர்கள் போலிருக்கிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பதிலைப் படிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நாளாகும் என்றால், நாளைக் காலைச் செய்தியிலேயே "70-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள ஒருவரின் மகள்